பதினாறு டம்ளர் தண்ணீர்

பதினாறு டம்ளர் வேண்டும் என்றாள் தோட்டக்கலை ஆபீசிலிருந்து வந்திருந்த பெண். எழில்மதி என்று பெயர். சங்கராபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு மரவள்ளிக் கொல்லையில் இறங்கியிருந்தாள். டம்ளர் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மில்லி கோடு போட்ட ஜாடி தன்னிடம் இருக்கிறது என்றாள்.

"எங்க வூட்ல இருக்குது. பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குனது" என்றார் நாராயணசாமி. நிலம் அவருடையது.

"வோணாம்" என்றாள் பவுலின். "உங்க வூட்டு டம்ளர்ல அளந்தா உங்க வூட்டுக் கணக்காத்தான் வரும்."

வரப்பில் குந்தியிருந்த பக்கத்துக் கொல்லைக்காரன் கொளஞ்சியப்பன் சத்தமாகச் சிரித்தான். "இன்னாக்கா, டம்ளரு கூடவா கச்சி மாறும்?"

"மாறும். உனுக்குத் தெரியாது, நீ மூடு."

அவளே போய் அங்கன்வாடியில் கேட்டு, பிள்ளைகள் கீழே போட்டுப் போட்டு நசுங்கிய பதினாறு எவர்சில்வர் டம்ளரை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். நடக்கும்போது அது கலகலவென்று சத்தம் போட்டது. கேட்கட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. ஊருக்கே கேட்கட்டும்.

பவுலினுக்கு நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் கரும்பு வெட்டக் கத்தி பிடித்தவள். அதற்கப்புறம் செங்கல் சூளை, ரோடு வேலை, மறுபடி கரும்பு. முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் மண்ணில் குனிந்து நிமிர்ந்தவளுக்குப் போன தை மாதம்தான் முதல்முதலாக 'எங்க கொல்லை' என்று சொல்ல ஒரு இடம் வந்தது. நாராயணசாமிக்கு மலையடிவாரத்தில் நாலு ஏக்கர். வயசாகிறது, அத்தனையும் பார்க்க முடியவில்லை என்று கீழ் ரெண்டு ஏக்கரைப் பவுலினுக்கும் அவள் புருஷன் சூசைக்கும் குத்தகைக்கு விட்டார். மேலே அவரும் மரவள்ளி வைத்தார், கீழே இவர்களும் மரவள்ளி வைத்தார்கள். அதே நாளில், அவர் கொடுத்த அதே விதைக்குச்சி.

தண்ணீரும் ஒன்றுதான். நாலு ஏக்கரும் ஒன்றாக இருந்தபோதே சொட்டுநீர் போட்டுவிட்டார்கள். கல்வராயன் மலைப்பக்கத்து மேட்டு வரப்பில் மெயின் பைப். அங்கிருந்து கறுப்பு டியூபுகள் வரிசை வரிசையாக இறங்கி ஓடைக்கரை வரைக்கும் வரும். ஒரு டியூபின் முதல் பாதி நாராயணசாமியின் செடிகளுக்குச் சொட்டும், மறுபாதி பவுலினின் செடிகளுக்கு.

மூன்றாம் மாதமே பவுலினின் செடிகள் மஞ்சளித்தன. மத்தியானத்தில் இலை தொங்கிவிடும். ஓடைப்பக்கம் இருந்த வரிசைகள் நின்ற இடத்திலேயே சுருண்டன. மேலே பார்த்தால் நாராயணசாமியின் கொல்லை கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் பச்சையாகத்தான் நின்றது.

காரணம் என்னவென்று பவுலின் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அவள் பிறந்தது மணலூர்பேட்டைப் பக்கம், ஏரிப் பாசனத்து ஊர். மதகுக்குப் பக்கத்தில் கழனி வைத்திருக்கிறவன் வயிறு முட்டக் குடிப்பான், கடைசிக் கழனிக்காரன் ஈரத்தை நக்குவான். அவள் அப்பா வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டிக் காம்பால் அடிபட்டு மண்டை உடைந்து வந்ததைப் பார்த்தவள். முதலில் குடிக்கிறவனுக்கு ஜாஸ்தி, கடைசியில் குடிக்கிறவனுக்குக் கம்மி. இதற்கு யார் வந்து பாடம் சொல்ல வேண்டும்?

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் லோடு ஆட்டோவில் களையெடுக்கவோ கரும்பு வெட்டவோ போய்விடுவாள். கொல்லையையும் தண்ணீரையும் சூசைதான் பார்த்துக்கொண்டான். சாயந்திரம் வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கொல்லையில் இறங்கி மண்ணை அள்ளிப் பார்ப்பாள். மேல்மண் பொரபொரவென்று உதிரும். அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுவாள். அழுகை முடிந்தால் ஏச்சு. சூசை ஒன்றும் பேசமாட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் பேசியதை ஒரு சிலேட்டில் எழுதிவிடலாம்.

போன மாதம் ஒருநாள் பால் சொசைட்டி வாசலில், இருபது பேர் கேனோடு நின்ற வரிசையில், பவுலின் நாராயணசாமியைப் பார்த்துக் கத்தினாள்: "பெரியவரே, தண்ணி திருடித் திங்கறதுக்கு வேற பொழப்பு பாக்கலாம்!" பெரியவர் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்லாமல் போனாரே, அதுவே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருவரைப் பிடித்து மனு எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மனு போன சேதி தெரிந்ததும் நாராயணசாமி நேராக அவள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"அளக்கட்டும்" என்றார். "எம்மேல தப்புன்னா அஞ்சு வருசத்துக்கு பூமிய உங்களுக்கே எழுதித் தரேன். எம்மேல தப்பு இல்லன்னா இந்த வெள்ளாமையோட குத்தகைய விட்டு எறங்கிக்கணும். சம்மதமா?"

"நூறு தடவ சம்மதம்" என்றாள் பவுலின்.

உள்ளே சூசை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கை தட்டிலேயே நின்றுவிட்டது. இன்றைக்குக் காலையில்கூட அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"எதுக்குமே இதெல்லாம்? மனுவத் திருப்பி வாங்கிட்டா இன்னா?"

"ஆம்பளயாய்யா நீ?" என்று கேட்டுவிட்டுச் சீப்பை எறிந்தாள்.

இப்போது எழில்மதி முதலில் தண்ணீர் வடிகட்டுகிற பில்டரைக் கழற்றி எல்லோர் முன்னாலும் கழுவச் சொன்னாள். மோட்டாரைப் போட்டு இருபது நிமிஷம் ஓடவிட்டாள். நாலு டியூபைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம், ரெண்டு நடுவில். ஒவ்வொரு டியூபிலும் நாலு இடம். தலையில் ஒன்று, அப்புறம் சமதூரத்தில் ரெண்டு, கடைசி நுனியில் ஒன்று. ஆக நாராயணசாமி பக்கம் எட்டு, பவுலின் பக்கம் எட்டு.

"கீழப்பக்கம் நான் வெச்சிக் குடுக்கறம்மா" என்றான் சூசை. அவனாக வாயைத் திறந்தது பவுலினுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இல்லண்ணா, நானே வெக்கணும். அதான் முறை" என்றாள் எழில்மதி. சொட்டு விழுகிற இடத்துக்குக் கீழே களைக்கொத்தால் சின்னக் குழி பறித்து, டம்ளரை இறக்கி, டியூபை நேராக மேலே விட்டாள். செல்போனில் நேரம் வைத்தாள். "மூணு நிமிஷம். நல்லா இருக்கற லைன்ல ஒரு எடத்துக்கு எரநூறு மில்லி விழணும். எல்லா டம்ளர்லயும் கிட்டத்தட்ட அதே அளவு வரணும். அதான் கணக்கு."

பவுலின் தன் பக்கத்துக் கடைசி டம்ளருக்கு எதிரே போய்க் குந்தினாள். அதில் எத்தனை கம்மியாக விழுகிறதோ அத்தனையும் பெரியவர் முகத்தில் எறிகிற வார்த்தை. மனதுக்குள் வார்த்தையைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

டம்ளருக்குள் சொட்டுச் சத்தம் கேட்கவில்லை. சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, மாடு மூத்திரம் பெய்கிற மாதிரி. குனிந்து பார்ப்பதற்குள் தண்ணீர் விளிம்புக்கு ஏறியது. அப்புறம் வழிந்தது. குழி நிறைந்து, டம்ளர் சாய்ந்து மிதந்தது.

பவுலின் எழுந்து அடுத்த டம்ளருக்கு ஓடினாள். அதுவும் வழிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்ததும் வழிந்தது.

"இன்னாது இது?" என்றாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

எழில்மதி மேலே போய் நாராயணசாமி பக்கத்து டம்ளர்களை ஜாடியில் ஊற்றி அளந்தாள். நூற்றி இருபது. நூற்றிப் பதினெட்டு. நூற்றி முப்பது. அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். எட்டில் ஒன்றுகூட நூற்று நாற்பதைத் தாண்டவில்லை. கீழே வந்து, டம்ளர்களைக் கவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்தத் தடவை ஒரே நிமிஷம்தான். ஒரு நிமிஷத்துக்கே நூற்றி நாற்பது வந்தது.

"மூணு நிமிஷத்துக்கு நானூத்தி இருவது" என்றாள். "மேல இருக்கறத விட மூணு பங்குக்கு மேல."

"எம்மா, நீ மாத்தி எழுதிட்ட" என்றாள் பவுலின். "மேலத கீழன்னு எழுதிட்ட. திருப்பி அள."

"அக்கா, நீங்களே பக்கத்துல நின்னு பாத்தீங்களே."

"திருப்பி அளன்றேன்!"

திருப்பி அளந்தாள். நூற்றி முப்பத்தெட்டு. நூற்றி நாற்பத்தைந்து. அங்கன்வாடி டம்ளர் பொய் சொல்லவில்லை. பவுலினின் காது அடைத்தது. கொளஞ்சியப்பன் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை வந்து சேரவில்லை.

எழில்மதி செல்போனில் கணக்குப் போட்டாள். கம்மியாக விழுந்த நாலு டம்ளரின் சராசரியை எல்லா டம்ளரின் சராசரியோடு வைத்துப் பார்த்தாள். "நூத்துக்கு நாப்பத்திமூணு. தொண்ணூறு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, காய்ந்த செடி ஒன்றைத் தண்டோடு பிடித்து இழுத்தாள். பலமே வேண்டியிருக்கவில்லை. செடி சோற்றிலிருந்து கறிவேப்பிலை வருகிற மாதிரி வந்தது. அடியில் கிழங்கு என்று எதுவும் இல்லை. கறுத்துக் குழகுழத்த ஏதோ ஒன்று தொங்கியது. செத்த எலி நாற்றம் அடித்தது.

"அழுவிப்போச்சு" என்றாள் எழில்மதி. "தண்ணி இல்லாம காயல அக்கா. தண்ணி ஜாஸ்தியாயி செத்திருக்கு. வேரு அழுவிட்டா செடியால தண்ணி குடிக்க முடியாது. அதான் எல தொங்குது. பாக்கறதுக்குத் தாகம் மாதிரியே தெரியும்."

"மண்ணு காஞ்சி கெடக்குதே! தெனம் நான் கையில அள்ளிப் பாக்கறேனே!"

எழில்மதி களைக்கொத்தை வாங்கி முழங்கை ஆழத்துக்குத் தோண்டினாள். மேலே ஒரு சாண் செம்மண், வெயிலில் வறுத்த மாதிரி உதிர்ந்தது. அதற்குக் கீழே களிமண். அதில் தண்ணீர் கசிந்து நின்றது.

பவுலின் அந்தக் குழிக்குள் கையை விட்டாள். ஜில்லென்று இருந்தது. இத்தனை நாளாக இதன்மேல் உட்கார்ந்துதான் தண்ணீர் தண்ணீர் என்று அழுதிருக்கிறாள்.

"சரிவுனால கீழப்பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி வரும்தான்" என்றாள் எழில்மதி. "இது வாய்க்கா இல்லக்கா, குழாய். மேட்டுலேந்து எறங்கறப்ப அழுத்தம் ஏறும். கடைசியில இருக்கறவனுக்குத்தான் வேகம். ஆனா அதுக்குன்னு இத்தினி வராது." டியூபைப் பிடித்து அடிப்பக்கத்தைத் திருப்பினாள். ஊசி மாதிரி ஒரு தண்ணீர்க் கம்பி பீய்ச்சி அவள் கண்ணாடியில் அடித்தது. ரெண்டடி தள்ளித் திருப்பினாள். அங்கேயும் ஒன்று. "யாரோ ஓட்ட போட்டிருக்காங்க. ஒவ்வொரு செடிக்கும். அடிப்பக்கமாப் பாத்துக் குத்தியிருக்காங்க."

பவுலினுக்கு மூச்சு திரும்பியது. மேலே பாய்ந்தாள். "பாத்தீங்களா பெரியவரே! எம் பயிர அழுவ அடிக்கறதுக்கு நீங்கதான்..."

நாராயணசாமி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பனும் அங்கேதான் பார்த்தான். பவுலின் திரும்பினாள்.

சூசை வரப்பில் உட்கார்ந்திருந்தான். துண்டை வாயில் வைத்து அழுத்தியிருந்தான். தோள் குலுங்கியது.

"யோவ்" என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை.

"யோவ், உன்னத்தான். இன்னா பண்ண?"

"கோணி ஊசி" என்றான் சூசை.

"இன்னா?"

"கோணி ஊசியச் சுட்டுக் குத்துனேன். மேல குத்துனா பெரியவரு பாத்துடுவாருன்னு அடியில குத்துனேன்."

"எப்பய்யா?"

"முதல்ல ஓடைப்பக்கம் ரெண்டு வரிச. எல தொங்குதுன்னு அழுத இல்ல, அன்னிக்கு. அப்பால நீ ஒவ்வொரு வாட்டியும் அழுவுற. நான் ஒவ்வொரு வாட்டியும் இன்னும் ரெண்டு வரிச போட்டேன்." துண்டால் மூக்கைத் துடைத்தான். "போடப் போட ஜாஸ்தியாத்தான் காஞ்சிச்சு. எனக்கு இன்னாமே தெரியும்? இன்னும் பத்தலன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னா திருட்டுத் தண்ணி வோணாம்பியேன்னுதான்."

பவுலின் குழிக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனை அடிக்கலாம் என்று கை எழுந்தது, பாதியில் விழுந்தது. ஏதோ ஒரு சாயந்திரம் அவள் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கியிருந்தால் ரெண்டு வரிசை பிழைத்திருக்கும். அவள் அழுது அழுதுதான் ரெண்டு ஏக்கரையும் கொன்றிருக்கிறாள். கை மட்டும்தான் அவனுடையது.

நாராயணசாமி தன் பக்கத்துச் செடி ஒன்றின் தண்டை விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தது. "நாலு மாச மரவள்ளி இப்பிடியா இருக்கும்?" என்றார் எழில்மதியிடம். "போர்ல தண்ணி எறங்கிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. தெனம் ரெண்டு தடவ பில்டரக் கழுவுறேன். ஆள் வெச்சி மோட்டாரக் கூடத் தூக்கிப் பாத்தேன்."

"கீழ ஓட்டையில எல்லாம் போயிடுச்சி. உங்களுக்கு அழுத்தமே நிக்கல" என்றாள் எழில்மதி. அப்புறம் பவுலின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, மனுவுக்கு நான் பதில் எழுதணும். நீங்க கையெழுத்துப் போடணும். வேணும்னா சரிவுனால தண்ணி சமமா வரலன்னு மட்டும் எழுதிடறேன். அதுவும் பொய் இல்ல."

பவுலின் அந்த அட்டையைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. முழுகுகிறவளுக்கு நீட்டிய குச்சி. "அப்பிடியே எழுதும்மா" என்று வாய் வந்துவிட்டது.

"எழுதிக்கோ தாயி" என்றார் நாராயணசாமி. அவர் காதில் விழுந்திருந்தது. "எனக்கு இன்னா? பால் சொசைட்டில இருவது பேரு முன்னால திருடன்னு சொன்னது எந்தப் பேப்பர்லயும் இல்ல. இந்தப் பேப்பர் எப்பிடி எழுதினாலும் அது போவாது."

அவர் கத்தியிருந்தால் பவுலினால் திருப்பிக் கத்தியிருக்க முடியும். அவர் கத்தவில்லை. கொளஞ்சியப்பன்கூட சிரிப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"எம்மா" என்றாள் பவுலின். "ஓட்டைய எழுது. நாங்க போட்ட ஓட்டைன்னு எழுது."

"அக்கா..."

"எழுதும்மா. எங்க தண்ணிய அவரு எடுக்கல. அவரு தண்ணிய நாங்க எடுத்திருக்கோம்."

எழில்மதி எழுதினாள். பவுலின் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டாள். சூசை எழுந்து வந்து கட்டைவிரலை நீட்டினான். அவன் மனுதாரர் இல்லை, தேவையில்லை என்றாள் எழில்மதி. அவன் விரலை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

"பெரியவரே" என்றாள் பவுலின்.

"சொல்லு."

மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அவள் ஆயுசில் யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை, அவளும் பழகவில்லை. "பேச்சு பேச்சுதான். வெள்ளாமையோட எறங்கிக்கறோம்" என்றாள்.

அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று எழில்மதி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்லவில்லை. "ம்" என்றார். "கெழங்கு புடுங்கற வரைக்கும் இருங்க."

"எந்தக் கெழங்கு?" என்றான் சூசை.

எழில்மதி வண்டிப் பெட்டியைத் திறந்து, ஓட்டையை அடைக்கிற சின்னக் கறுப்புத் தக்கை ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அவர்களுடைய ரெண்டு ஏக்கரின் மேல்பாதியில் இன்னும் நாற்றம் வராத வரிசைகள் இருக்கின்றன, இன்றைக்கே அடைத்துவிட்டுப் பதினைந்து நாள் ரெண்டு கொல்லைக்கும் நடுவில் டியூபை மடக்கிக் கட்டித் தண்ணீரை நிறுத்தினால் பாதிக்குப் பாதி பிழைக்கும் என்றாள். செத்த செடிகளைப் பிடுங்கித் தள்ளி எரித்துவிடச் சொன்னாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கீழ்க்கொல்லையில் அவர்கள் ரெண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். பவுலின் டியூபைத் தூக்கி அடிப்பக்கம் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மோட்டார் நின்றிருந்தது. தண்ணீர் ஓடாமல் ஊசி ஓட்டை கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது.

"எங்கெங்க குத்துன?"

சூசை வரிசைகளைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "நெனப்பு இல்லமே. நெறைய."

ஸ்டார்ட்டர் மேட்டில், நாராயணசாமியின் மோட்டார் கொட்டகையில் இருந்தது. அவர் அங்கேதான் முதுகைக் காட்டிக்கொண்டு பில்டரை மாட்டிக்கொண்டிருந்தார். பவுலின் அங்கே பார்த்தாள். சூசையைப் பார்த்தாள். அவன் போகமாட்டான். அவளேதான் சரிவில் ஏறினாள். பாதி தூரத்தில் நின்று, ரெண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

"பெரியவரே! ஓட்ட அடைக்கணும், தண்ணி ஓடினாத்தான் தெரியும். செத்த நேரம் மோட்டாரப் போடுங்க!"

அவர் திரும்பவில்லை. கேட்டதோ இல்லையோ என்று அவள் அங்கேயே நின்றாள். இன்னொரு தடவை கூப்பிடத் துணிவு இல்லை. வெயில் மண்டையில் இறங்கியது. அப்புறம் மோட்டார் உறுமியது. பைப்புகள் விறைத்தன. கீழே ரெண்டு ஏக்கரிலும் டியூபுகளுக்கு அடியில் சர்ரென்ற சத்தம் வரிசை வரிசையாகக் கிளம்பியது.

பவுலின் இறங்கி வந்து முழங்காலில் விழுந்து முதல் டியூபைத் திருப்பினாள். தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. துடைக்காமல் ஒரு தக்கையை எடுத்து அழுத்தினாள். அடுத்ததற்கு நகர்ந்தாள். ஒரு டியூப் முடிவதற்குள் ஐம்பத்திரண்டு ஓட்டை. பாக்கெட்டில் தக்கை நூறுதான் இருந்தது.

"விடு, நான் பாக்கறேன்" என்றான் சூசை.

"பேசாத" என்றாள். "அந்த டியூப நல்லாத் திருப்பிப் புடி."